காது இரைச்சல்: கேட்டவர்களுக்கு ஒரு செவித்திறன் ஆய்வாளரின் பதில்கள்

செல்லூர், விசைத்தறித் தொழிலாளி: இரவில் படுத்ததும் இரண்டு காதிலும் சில்வண்டு கத்துவது போலக் கேட்கிறது. தறிக்கூடத்தில் நிற்கும்போது தெரிவதில்லையே, ஏன்?

உட்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்செல்கள் காதுக்குச் சுமார் 15,000 உள்ளன. தறியின் ஓயாத ஓசையில் அவை சிறிது சிறிதாகச் சிதைகின்றன. சிதைந்தவை மீண்டும் வளர்வதில்லை. அந்தச் செல்களிடமிருந்து செய்தி குறைந்ததும் மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது என்பதும், நரம்புகளின் இயல்பான சலனமே அப்போது ஒலியாகக் கேட்கிறது என்பதும் ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம். பகலில் தறியோசை அதை மூடிவிடுகிறது. இரவின் அமைதியில் அது மட்டுமே மிஞ்சுகிறது. ஆகவே படுக்கையறையை முழு நிசப்தமாக வைக்காதீர்கள். மின்விசிறியோ, மெல்ல ஒலிக்கும் வானொலியோ இருக்கட்டும்; அந்த ஒலி இரைச்சலை அமுக்க வேண்டியதில்லை, அதைவிடச் சற்றுக் குறைவாக இருந்தாலே போதும்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது தங்கள் மீதமுள்ள கேட்கும் திறன். 85 டெசிபல் ஓசையில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் வரை நிற்கலாம் என்பது பரவலான பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிவிடும். விசைத்தறிக்கூடங்களில் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டியே ஓசை இருக்கிறது. பஞ்சைத் திணித்துக்கொள்வது போதாது; மருந்துக்கடைகளில் கிடைக்கும் நுரை அடைப்பானை உருட்டி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்து, ஆழமாகச் செருகுங்கள். செவித்திறன் சோதனையையும் தள்ளிப்போட வேண்டாம்.

உசிலம்பட்டி, குடும்பத்தலைவி: மூன்று நாட்களாக இடது காது அடைத்து இரைகிறது, பேச்சும் சரியாகக் கேட்கவில்லை. நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றச் சொல்கிறார்கள்.

ஊற்றாதீர்கள் அம்மா. இன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு உண்டு. வெறும் குறும்பி அடைப்பாகவும் இருக்கலாம். ஆனால் செவி நரம்பு சார்ந்த திடீர்ச் செவித்திறன் இழப்பாக இருந்தால், ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரங்களுக்குள், இயன்றவரை விரைவாகத் தொடங்குவதே கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பைக் கூட்டும். எண்ணெய் வைத்தியத்தில் அந்த நாட்களை இழந்தவர்களைப் பார்க்கும்போது மனம் மிகவும் வருந்துகிறது.

மேலூர், ஆசிரியை: நாடித்துடிப்போடு சேர்ந்து 'டப் டப்' என்று கேட்கிறது.

இது வேறு வகை. இரத்த அழுத்தம், இரத்தசோகை, தைராய்டு, காதை ஒட்டிய இரத்தக்குழாய்கள் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். தேவையானால் ஸ்கேனும் எடுப்பார்கள்.

திருமங்கலம், ஓய்வுபெற்ற அலுவலர்: இரைச்சலை அடியோடு நிறுத்த மாத்திரை உண்டா? இதயத்துக்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் எடுக்கிறேன், அதனால் வந்திருக்குமா?

அப்படி நிறுவப்பட்ட மாத்திரை எதுவும் இன்றுவரை இல்லை ஐயா. இதற்காகச் சிலர் எடுக்கும் ஜிங்கோ என்னும் மரத்தின் இலைச்சாறும் பயன் தருவதாக உறுதியாகவில்லை. செவித்திறன் குறைந்திருந்தால் கேட்கும் கருவியே பலருக்கு இரைச்சலையும் தணிக்கிறது. உறக்கம் கெட்டு, எந்நேரமும் அதே நினைவாக இருப்பவர்களுக்கு அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்னும் உளவியல் முறை நல்ல பலன் தருகிறது. ஒலி குறையாவிட்டாலும் அது தரும் வேதனை குறையும். ஆஸ்பிரின் மிகுந்த அளவில்தான் பொதுவாக இரைச்சலை உண்டாக்கும். தாங்களாக அதை நிறுத்திவிடாமல், இதய மருத்துவரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள்.