குளிர்காலத்தில் மலையேறுவதில் அப்படி என்ன சுகம்?

"வானிலை எந்நேரம் மாறும் என்றே தெரியாத குளிர்காலத்தில் போய் மலை ஏறுகிறார்களே, என்ன சுகம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிளாஸ்கோவில் வேலை பார்த்த மூன்று வருடங்களில் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸுக்குப் பலமுறை போயிருக்கிறேன். ஏறி முடித்ததைவிடப் பாதியில் திரும்பியதுதான் அதிகம்.

உயரம் 1,345 மீட்டர்தான். இமயம் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அட்லாண்டிக்கின் ஈரக்காற்று நேராக வந்து மோதும் மலை அது. காலையில் மழை, மதியம் பனிப்பொழிவு, இருட்டுவதற்குள் எல்லாம் கல்லாக இறுகிவிடும்.

பனியில் ஏறக் குளிர் மட்டும் இருந்தால் போதாது என்பது எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. புதுப்பனி சர்க்கரை மாதிரி, பனியில் குத்திப் பிடித்து ஏறும் கோடரியால் கொத்தினால் பொலபொலவென உதிரும். பகலில் கொஞ்சம் உருகி, இரவில் உறைந்து, மறுபடி உருகி உறைந்தால்தான் 'நெவே' என்கிற கெட்டிப்பனி கிடைக்கும். அதில் கோடரி முனை 'டக்'கென்று இறங்கி நிற்கும். அந்தச் சத்தத்துக்காகவே போகலாம். பிறகு இரண்டு நாள் வெதுவெதுப்பான காற்றடித்தால் போச்சு. கோடையில் அதே இடம் தண்ணீர் சொட்டும் கல்லிடுக்கு. ஏறும் பாதையே வருடத்தில் சில வாரம்தான் இருக்கிறது! (நம் ஊரில் புல்லில் நிற்பதும் பனி, மலையில் கிடப்பதும் பனி. அங்கே அந்த ஒரு சொல்லை வைத்துச் சமாளிக்க முடியவில்லை.)

அந்த மலையில் 'நம்பர் த்ரீ கல்லி' என்று ஒன்று, புதியவர்களும் ஏறக்கூடியது. கல்லி என்றால் பாறைகளுக்கு நடுவே செங்குத்தாக மேலேறும் இடுக்கு. முதல் தடவை, மலையேறுபவர்களுக்காக 1929இல் கட்டிய சிஐசி குடில்வரை போய்த் தொப்பலாக நனைந்து திரும்பினோம். இரண்டாம் தடவை, காற்று கொண்டுவந்து குவித்த புதுப்பனி பழைய பனிமேல் ஒட்டாமல் கிடந்தது. சரிந்தால் ஆளோடு போகும். கூட வந்த நண்பர் பார்த்ததுமே, "வேண்டாம்ப்பா, இறங்கு" என்றார்.

மூன்றாவது, மார்ச் மாதம். அடிவாரத்திலிருந்தே கோடரி பிடித்தது. உச்சியில் வெளிப்பக்கம் துருத்தி நின்ற பனிவிளிம்பில் யாரோ முன்பே வெட்டியிருந்த சந்து வழியாகத் தலையை நீட்டினேன். மேலே எல்லாம் ஒரே வெள்ளை, நீட்டிய கையுறைகூடத் தெரியவில்லை. திசை பிசகினால் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, இன்னொரு பக்கம் ஃபைவ் ஃபிங்கர் கல்லி என்கிற ஆபத்தான இடுக்கு. நண்பர் திசைகாட்டியைப் பிடித்துக்கொள்ள, எவ்வளவு தூரம் வந்தோம் என்று தெரிய நான் அடிகளை எண்ணிக்கொண்டே நடந்தேன். எண்ணிக்கை தப்பிவிடுமோ என்று வாயே திறக்கவில்லை.

பயமாக இல்லையா என்றால், இருந்தது. ஆனால் திங்கட்கிழமை அலுவலகத்தில் நான் முதலில் திறந்து பார்த்தது, வெள்ளி இரவு அங்கே உறையுமா என்பதைத்தான்.