கொட்டாங்குச்சிக் கரியும் லித்தியம் பேட்டரியும்: கேட்டவற்றுக்குப் பதில்

பீன்யாவில் கரிப்பொருள் சோதனைக்கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். பேட்டரி ஆனோடுக்கு (சார்ஜ் ஏறும்போது லித்தியம் வந்து தங்கும் மின்முனைக்கு) நுண்துளைக் கரி செய்வது பற்றிப் பெங்களூர்த் தமிழ் நண்பர்கள் கேட்டவை இவை.

யஷ்வந்த்பூர் எம்.எஸ்சி. மாணவர்: அக்கா, கொட்டாங்குச்சிக் கரியில் துளை உண்டாக நாலு பங்கு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்து 800 டிகிரியில் சுட்டேன். பரப்பளவு கிராமுக்கு 2,100 சதுர மீட்டர். ஆனால் முதல் சார்ஜ்-டிஸ்சார்ஜ் சுற்றில் கரிக்குள் போன மின்னூட்டம் கிராமுக்கு 1,050 மில்லியாம்பியர்-மணி, திரும்பி வந்தது 410தான். எங்கே தப்பு?

செய்முறையில் தப்பில்லை தம்பி, அந்த 2,100தான் சிக்கல். எலக்ட்ரோலைட் (பேட்டரிக்குள் லித்தியத்தைச் சுமக்கும் திரவம்) கரியைத் தொடும் இடமெல்லாம் சிதைந்து மெல்லிய படலமாகப் படியும். அதில் மாட்டிய லித்தியம் திரும்பாது. பரப்பு கூடக் கூட இழப்பும் கூடும். உங்கள் காயின் செல்லில் (பொத்தான் அளவுச் சோதனை பேட்டரியில்) எதிர்ப்பக்கம் லித்தியத் தகடு இருப்பதால் இழப்பு உறைக்கவில்லை. நிஜ பேட்டரியில் லித்தியம் மறுபக்க மின்முனையான கேத்தோடிலிருந்து மட்டும்தான் வரும். நூற்றுக்கு அறுபதை முதல் நாளே தின்றால் மிச்சம் என்ன? வழக்கமான ஆனோடுப் பொருளான கிராஃபைட்டின் உச்ச அளவு கிராமுக்கு 372தான், ஆனால் முதல் சுற்றிலேயே தொண்ணூறு சதவீதம் போலத் திருப்பித் தந்துவிடும். அதனால்தான் சந்தை அதை விடவில்லை. நீங்கள் ஹைட்ராக்சைடை ஒரு பங்காகக் குறைத்துப் பாருங்கள். அப்புறம் பிட்ச் (தார் போன்ற பொருள்) பூசி நைட்ரஜனில் மறுபடி சுட்டால் துளைகளின் வாய் ஓரளவு மூடும். வழிகாட்டி பரப்பளவைக் கேட்டால், முதல் சுற்றுத் திறனையும் (போனதில் எத்தனை சதவீதம் திரும்பியது என்பதையும்) பக்கத்திலேயே எழுதிக் காட்டுங்கள்.

எலெக்ட்ரானிக் சிட்டி வாசகர்: இதை வீட்டு மாடியில் செய்யலாமா?

வேண்டாம். 700 டிகிரிக்கு மேல் அந்த ஹைட்ராக்சைடு கரியோடு வினைபுரிந்து பொட்டாசிய உலோகத்தையே உண்டாக்கும். ஒருமுறை அவசரத்தில், ஃபர்னஸ் முழுதாக ஆறும் முன்பே படகை (கரியை வைத்துச் சுடும் சிறு தட்டை) வெளியே எடுத்தேன். கழுவ முதல் சொட்டு நீர் விட்டதும் ‘பட்’டென்று ஊதாச் சுடர் எழுந்தது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் தப்பித்தேன். படகும் நிக்கல் படகாக இருக்கட்டும், அலுமினா அரித்துப் போகும்.

மல்லேஸ்வரம் வாசகி: தெருமுனையில் குவியும் இளநீர் மட்டை உதவுமா?

உதவும். ஆனால் மட்டையில் உப்பு அதிகம். கரியாக்கியபின் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, கழுவிய நீரின் பி.எச். 7 வரும்வரை காய்ச்சி வடித்த நீர் விட வேண்டும்.

ஜாலஹள்ளி ஆய்வு மாணவி: மழை மாதத்தில் செய்த செல்கள் மட்டும் சீக்கிரம் கெடுகின்றன.

துளைக்கரி ஈரத்தை உறிஞ்சும். நீர் பட்டால் எலக்ட்ரோலைட்டின் லித்தியம் உப்பு ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் உண்டாக்கும். செப்புத் தாளில் பூசிய மின்முனையை வெற்றிட அடுப்பில் 110 டிகிரியில் இரவு முழுக்க வைத்து, காற்றுப் படாமல் குளோவ் பாக்ஸுக்குள் (ஈரமில்லாத வாயு நிரப்பி, கையுறை பொருத்திய மூடிய பெட்டிக்குள்) கொண்டு போங்கள்.

அல்சூர் வாசகர்: அப்போ துளைக்கரிக்கு எதிர்காலமே இல்லையா?

இருக்கிறது, எனக்கு இதில் பெரிய நம்பிக்கை. ஆனோடுக்கு இன்னொரு பொருளான சிலிக்கான், லித்தியம் ஏறும்போது மூன்று மடங்குக்கு மேல் உப்பி நொறுங்கிவிடும். துளைக்குள் அதைப் படிய வைத்து, உப்ப இடமும் விட்டால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். சிலேன் என்ற, சிலிக்கான் அடங்கிய வாயுவைத் துளைகளுக்குள் சிதைய விட்டுத்தான் இப்படிச் செய்கிறார்கள். யஷ்வந்த்பூர் தம்பி, உங்கள் கரியைக் கொட்டிவிடாதீர்கள், இதற்குப் பயன்படும். சிலேன் காற்றில் தானே தீப்பற்றும், அதற்கான வசதியுள்ள கூடத்தோடு சேர்ந்து மட்டும் செய்யுங்கள்.