அச்சு எடுக்கும் முன்பே வார்ப்பின் ஓட்டைகளை அடைக்க வேண்டுமா?

ஒருவர் கேட்டிருப்பது இது: மாடல் ரயில் லேஅவுட்டுக்காக பிஓபியில் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) ஒரு கல் சுவர் வார்த்திருக்கிறார், மேல்பரப்பில் குமிழி ஓட்டைகள் விழுந்துவிட்டன. சிலிக்கோன் அச்சு எடுத்துவிட்டு ஒவ்வொரு பிரதியிலும் அடைத்துக்கொள்ளலாமா, இல்லை இப்போதே சரிசெய்ய வேண்டுமா?

இப்போதே செய்யுங்கள். சிலிக்கோன் டப்பா வாங்கி வைத்திருப்பீர்கள், மாஸ்டர், அதாவது அச்சு எடுக்கப்போகும் மூல வார்ப்பு, முடிந்த சந்தோஷத்தில் ஊற்றிவிடக் கை பரபரக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் மும்பையில் செம்பூரில் இருக்கிறேன். மும்பையிலிருந்து புனே போகும் வழியில் மலையேறும் போர் காட் ரயில் பாதையின் ஒரு துண்டை 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்காக, செய்துகொண்டிருக்கிறேன். 1863இல் திறந்த பாதை, 37 அடி போனால் ஓர் அடி ஏற்றம். புனே போகும்போதெல்லாம் ஜன்னலோர இடம் பிடித்து அந்தக் கருங்கல் தடுப்புச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே போவேன். அதில் ஒன்றை 12 செ.மீ. அகலத் துண்டாக வார்த்து, கல் கல்லாக ஊசியால் செதுக்கினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. மூன்றாவது வரிசையில் ஒரு கல்லில் ஒன்றரை மில்லிமீட்டர் ஓட்டை. கீழே மூலையில் இன்னொன்று, வாய் குறுகலாக, உள்ளே ஆழமாக. கல் என்றால் ஓட்டை இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

அப்படியே சிலிக்கோன் அச்சு எடுத்து, அதில் 14 பிரதி வார்த்து வரிசையாக ஒட்டி, கறுப்புப் பூசி, விளக்கைப் போட்டேன். 12 செ.மீ.க்கு ஒரு புள்ளி, அதே இடத்தில், அதே அளவில். சுவரே தெரியவில்லை, புள்ளிகள்தான் தெரிந்தன. ஒரே ஒரு ஓட்டை என்றால் கண் தாண்டிப் போய்விடும், திரும்பத் திரும்ப வந்தால் விடாது. அளவையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1:87இல் ஒன்றரை மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 13 செ.மீ. எந்தக் கொத்தனார் அப்படி ஒரு கல்லைச் சுவரில் வைப்பார்?

ஆழமான ஓட்டை இன்னும் மோசம் செய்தது. சிலிக்கோன் அதற்குள் புகுந்து அச்சில் ஒரு மெல்லிய காம்பாக நின்றது. ஒன்பதாவது பிரதியைப் பிரிக்கும்போது காம்பு பிய்ந்து வார்ப்பிலேயே மாட்டிக்கொண்டது. அதற்கப்புறம் எடுத்த பிரதிகளில் எல்லாம் அந்த இடத்தில் ஓட்டைக்குப் பதிலாகச் சொரசொரப்பான பரு. பிரதிகளில் அடைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்கள் அல்லவா, அச்சே கெட்டுப்போனால் என்ன செய்வீர்கள்?

சரி, மாஸ்டரையே சரிசெய்வோம் என்று சூப்பர் குளூவில் டால்கம் பவுடர் கலந்து அடைத்தேன். உடனே இறுகியது, நன்றாகத்தான் இருந்தது. உப்புத்தாள் போட்டதும் சுற்றியிருந்த பிஓபி தேய்ந்து பள்ளமானது, அடைத்த இடம் மட்டும் மேடாக நின்றது. இதைப் படித்துவிட்டு, சூப்பர் குளூ முறை தவறே இல்லை என்று சிலர் வருவார்கள். ரெசின் மாஸ்டருக்கு அது சரி, நானே அப்படித்தான் செய்கிறேன். பிஓபியைவிடக் கடினமான எதையும் பிஓபியில் அடைக்காதீர்கள், அவ்வளவுதான் நான் சொல்வது.

எனக்கு வழி காட்டியவர் லால்பாக்கில் ஒரு கணபதி சிலைப் பட்டறையில் வேலை செய்பவர். மழைக்காலத் தொடக்கத்தில் அங்கே சிலைகள் அடுக்கடுக்காக நிற்கும், அச்சிலிருந்து வந்த ஒவ்வொன்றிலும் இணைப்புக் கோடும் ஓட்டையும் இருக்கும். அவர் கை போகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் துண்டைக் கொடுத்ததும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுக்குத் தண்ணி காட்டினீங்களா?" என்று இந்தியில் கேட்டார். நான் காட்டவில்லை. காய்ந்த பிஓபி புதுக் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். கலவை இறுகத் தண்ணீர் இல்லாமல் பொடியாக உதிரும். விஷயம் அவ்வளவுதான்.

அன்றிலிருந்து இப்படித்தான் செய்கிறேன். முதலில் ஓட்டையின் வாயை ஊசியால் கொஞ்சம் அகலப்படுத்துவேன். மெல்லிய தோல் மூடிய குமிழிகளையும் குத்தித் திறந்துவிடுவேன், இல்லாவிட்டால் அச்சு எடுக்கும்போது உடையும். தூசியை ஊதிவிட்டு, பிரஷ்ஷால் தண்ணீர் தொட்டுத் தொட்டு வைப்பேன், அது குடிப்பதை நிறுத்தும்வரை. மாஸ்டர் வார்த்த அதே பாக்கெட்டிலிருந்து பிஓபி எடுத்து, தண்ணீரில் தூவித் தயிர் பதத்துக்குக் கலக்கி, விரல் நுனியால் அழுத்தி, ஒரு மயிரிழை மேடாக விடுவேன். பனீர் பதத்துக்கு வந்ததும் பிளேடால் சீவி, கல்லின் முகத்தையும் சாந்துக் கோட்டையும் திரும்பச் செதுக்குவேன். கடைசியில் பழைய டூத்பிரஷ்ஷால் குத்தினால் கல்லின் சொரசொரப்பு வந்துவிடும். மழமழவென்று அடைத்து விட்டுவிட்டால் அதுவும் ஒரு புள்ளியாகத் தெரியும். துருத்தி நிற்கிற பருக்களைக் கத்தி முனையால் தட்டிவிட்டால் போதும்.

எல்லா ஓட்டையையும் அடைக்க வேண்டியதில்லை. சுவர் மனிதன் கட்டியது, பாறை அப்படியில்லை. தக்காணத்துக் கருங்கல் எரிமலைக் குழம்பு ஆறி வந்தது, வாயுக் குமிழிகளின் ஓட்டைகள் நிஜமாகவே அதில் உண்டு. பாறை முகப்பில் ஒழுங்கில்லாத பொத்தல்களை விட்டுவிடலாம். குண்டூசித் தலை மாதிரி வட்டமாக இருப்பவற்றை மட்டும் அடையுங்கள்.

காய்வதுதான் மும்பையில் பெரிய சங்கடம். ஜூலையில் டேபிள் ஃபேன் முன்னால் ஒரு வாரம் வைத்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். அவசரப்பட்டு ஓவனில் வைக்காதீர்கள், சூடு அதிகமானால் பிளாஸ்டருக்குள் இருக்கும் படிக நீரே போய் அது பொடியாகும். மற்ற மாதங்களில் மொட்டை மாடியில் ஒரு தட்டில் வைத்துக் காயவைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் சொசைட்டியில் அதைக் குப்பை என்று எடுத்துப் போட்டுவிட்டார்கள். அப்பளம் காயலாம், கல்யாணத்துக்குப் பந்தல் போடலாம், ஒரு முழத் தட்டுக்கு இடமில்லை. மாதாமாதம் மெயின்டனன்ஸ் நானும்தான் கட்டுகிறேன். செகரட்டரியிடம் எழுதிக் கொடுத்தும் பதில் வரவில்லை. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனால் மனதில் கிடக்கிறது.

நன்றாகக் காய்ந்தபின் ஸ்பிரிட்டில் கரைத்த ஷெல்லாக்கை (அரக்கு) மெல்லியதாக இரண்டு கோட் அடியுங்கள். நுண்துளைகள் அடைபடும், சிலிக்கோன் கவ்வாது. ஈரத்தின் மேல் அடித்தால் வெள்ளை பூக்கும். மேலே சாம்பல் நிற பிரைமர் ஒரு கோட். அப்புறம் அறை விளக்கை அணைத்து, மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள். வெள்ளை பிஓபியில் கண்ணுக்குத் தப்பியதெல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். கைரேகைகூடத் தெரியும், சிலிக்கோன் அதையும் அப்படியே எடுக்கும். இந்தக் கட்டத்தில் ஒன்றிரண்டு சின்னப் பள்ளம் தெரிந்தால் மறுபடி பிஓபி வேண்டாம், ஷெல்லாக் மேல் ஒட்டாது. கார் பெயிண்டர்கள் வைத்திருக்கிற மெல்லிய புட்டியைத் தடவினால் போதும். கந்தகம் கலந்த மாடலிங் களிமண்ணால் மட்டும் அடைக்காதீர்கள். பிளாட்டினம் வகை சிலிக்கோன் அதன் மேல் இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும்.

3டி பிரிண்ட் போட்டால் இந்த வேலையே இல்லையே என்பார்கள். பிரிண்டில் அடுக்குக் கோடுகள் இருக்கும், அதையும் யாரோ உட்கார்ந்து தேய்க்கத்தான் வேண்டும்.

முதல் பிரதி வந்ததும் அதையும் அதே டார்ச்சில் பாருங்கள். அதுவரை மாஸ்டரைப் பத்திரமாக வையுங்கள். என்னுடையது செய்தித்தாள் சுற்றி பீரோ மேல் இருக்கிறது, அதிலிருந்து எடுத்த இரண்டாவது அச்சில்தான் இப்போதைய சுவர் முழுக்க வார்த்தேன்.