பெட்டியடிப் பையனும் ஐந்தொகையும்

அன்புள்ள ஆச்சி,

காரைக்குடியில் பலகாரத் தொழில் செய்கிறேன். அப்பச்சி காலத்தில் கல்யாணத்துக்கு ஆர்டர் எடுத்துச் செய்ததோடு சரி. இப்போது நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள், சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் அனுப்புகிறோம். பெங்களூரில் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்த மகன் சோலார் போட வேண்டும், பிளாஸ்டிக் பொட்டலத்தை விட வேண்டும், தண்ணீருக்குக் கணக்கு எழுத வேண்டும் என்கிறான். சிங்கப்பூரில் எங்களிடம் வாங்குகிறவரும் இதே மாதிரி ஒரு நீளமான கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறார். தொழில் நிஜமாகவே மாறுகிறதா, அல்லது கொஞ்ச நாளில் ஓய்ந்துபோகிற மோஸ்தரா? இன்னொன்று. வேலைக்குச் சேரும் பிள்ளைகள் ஆறு மாதம் தங்குவதில்லை. கேட்டால் 'இங்கே க்ரோத் இல்லை சார்' என்கிறார்கள். அந்தக் காலத்து விசுவாசம் இவர்களிடம் இல்லை. நம் முன்னோர்கள் இயற்கையோடு இயைந்து வீடு கட்டினார்கள், தலைமுறை தலைமுறையாக நிலைக்கும்படி தொழில் செய்தார்கள். அதைவிடப் புதிதாக இவர்கள் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்?

(பெயர் வேண்டாம், காரைக்குடி)

அன்புள்ள தம்பி,

தொழில் பற்றிய கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. எழுதிப் பிழைக்கிறவளிடம் லாபத்துக்கு வழி கேட்பது வீண். ஆனால் உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழைய சாமான் கடையில் சிவப்புத் துணி அட்டை போட்ட கணக்கேடுகள் ஒரு கட்டு விற்பனைக்குக் கிடந்ததைப் பார்த்தேன். ஏதோ ஒரு ஓட்டலில் அலங்காரத்துக்கு வைக்கப் போகிறார்களாம். யார் வீட்டு ஏடோ. பிரித்துப் பார்த்தேன், கடைக்காரர் முறைத்தார். அதிலிருந்து மனசு அந்த ஏட்டையே சுற்றிக்கொண்டிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் வீட்டை முடித்துவிடுவோம். 'இயற்கையோடு இயைந்து' என்ற வாசகத்தை நம் ஊர்க்காரர்கள் சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லித் தாங்களே நம்பத் தொடங்கிவிட்டார்கள். தேக்கு பர்மாக் காட்டில் வெட்டிக் கப்பலில் வந்தது. பளிங்கு இத்தாலியிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து, இரும்புத் தூண் இங்கிலாந்திலிருந்து. மழைத்தண்ணீரை முற்றத்தில் பிடித்தார்கள், ஊரணி வெட்டினார்கள், ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடாமல் கண்ணாடிமேல் வார்த்துத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தார்கள். அது உண்மை, அதற்காகப் பெருமைப்படுங்கள். மற்றதெல்லாம் காசு இருந்தது, கட்டினார்கள். அவ்வளவுதான்.

மோஸ்தரா என்ற கேள்விக்கு, பாதி மோஸ்தர்தான். ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்பு லாபத்தைப் பெருக்குவது என்று 1970-இல் பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் எழுதியதை அமெரிக்க முதலாளிகள் நீண்ட காலம் வேதமாகவே வைத்திருந்தார்கள். 2019 ஆகஸ்டில் 181 பெரிய கம்பெனிகளின் தலைவர்கள் சேர்ந்து, பங்குதாரர் மட்டுமல்ல, தொழிலாளி, வாடிக்கையாளர், சரக்குக் கொடுப்பவர், ஊர் எல்லாருமே எங்களுக்கு முக்கியம் என்று கையெழுத்துப் போட்டார்கள். சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றையும் சேர்த்து ஈ.எஸ்.ஜி. என்று ஊரெல்லாம் பேச்சு. அதை உரக்கப் பேசிய, பிளாக்ராக் என்ற பெரிய முதலீட்டுக் கம்பெனியின் தலைவர் லாரி ஃபிங்க், 2023-இல், அந்த மூன்றெழுத்தை இனி நான் சொல்வதாக இல்லை என்றுவிட்டார். அரசியல் காற்று மாறியதும் பேச்சும் மாறுகிறது. அந்த அளவில் உங்கள் சந்தேகம் சரி.

ஆனால் மோஸ்தர் போன பிறகும் சட்டம் நிற்கிறது. திருப்பூரைப் பாருங்கள். நொய்யலில் சாயக் கழிவு கலந்து ஒரத்துப்பாளையம் அணையே நாசமானது. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிவிட்டது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தினால்தான் திறக்கலாம் என்றாயிற்று. முதலாளிகள் அன்றைக்குப் புலம்பிய புலம்பல் கொஞ்சமா? இன்றைக்கு அதையே பெருமையாகச் சொல்லித்தான் ஐரோப்பிய ஆர்டர் பிடிக்கிறார்கள். மனசாட்சி முந்திக்கொண்டு வரவில்லை, கோர்ட்டுதான் வந்தது. உங்கள் தொழிலுக்கும் அப்படி ஒன்று வந்தாயிற்று. பொரித்த எண்ணெயில் கெட்டுப்போன பகுதி 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயை உபயோகிக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்புத் துறை 2018-லேயே சொல்லிவிட்டது. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கிற இடத்தில் அதற்கு ஏடு வைக்க வேண்டும். கழிவு எண்ணெயை வாங்கிப் பயோடீசல் ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள். நாற்பது பேர் வேலை செய்கிற இடத்தில் 50 லிட்டர் தாண்டாமலா இருக்கும்? சோலாரைப் பற்றி எழுதிய நீங்கள் எண்ணெயைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. மகனும் அதைப் பேசவில்லையென்றால் அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, விசுவாசத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான்.

எங்கள் ஐயா, அப்பச்சியைப் (அப்பாவைப்) பெற்றவர், மீசை முளைக்காத வயசில் பினாங்குக்குக் கொண்டுவிக்கப் (கடல் கடந்து பொருள் சேர்க்கப்) போனார். போன வேலை பெட்டியடிப் பையன். செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய கிட்டங்கி என்பது ஒரு நீளக் கூடம்தான். வரிசையாக ஒவ்வொரு விலாசத்துக்கும், அதாவது ஒவ்வொரு முதலாளியின் கடைப் பெயருக்கும், ஒரு பெட்டி. பகலில் பெட்டிக்கு முன்னால் கடை, இரவில் அதே இடத்தில் பாய். பெட்டியைத் துடைக்க வேண்டும், தண்ணீர் எடுத்து வைக்க வேண்டும், வசூலுக்குப் போகிற அடுத்தாளுக்குப் பின்னால் வெயிலில் நடக்க வேண்டும். கூட்டலில் பிசகினால் குட்டு விழும். அவருடைய ஆத்தா இறந்த தந்தி கிட்டங்கிக்குத்தான் வந்தது. கணக்கு முடியவில்லை, ஊருக்கு வர முடியவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன் என்று எண்பது வயசில் சொல்லும்போதும் அவர் குரல் தடுமாறும். ஆகவே இதைப் பொற்காலம் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். பெண்களுக்கு அந்த ஏட்டில் இடமே கிடையாது. (ஆச்சிமார் சிறுவாட்டை வட்டிக்கு விட்டுத் தனி ஏடு வைத்திருந்தார்கள். அது வேறு கதை, இன்னொரு நாள்.)

ஆனால் ராத்திரி ஒன்று நடக்கும். அன்றைய குறிப்பேட்டை எடுத்துப் பேரேட்டில் ஏற்றுவார்கள். அதை எழுதுகிறவர்களோடு பெட்டியடிப் பையனும் உட்கார வேண்டும். யாருக்கு எவ்வளவு கொடுத்தோம், எந்த வட்டிக்கு, எவ்வளவு வரவில்லை, எல்லாம் அவன் கண்முன்னால். ஒரு காசு உதைத்தாலும் அது அகப்படும்வரை யாரும் பாயை விரிக்க முடியாது. கணக்கு முடிகிறபோது ஐந்தொகை, அதாவது கடையின் மொத்த இருப்புநிலைக் கணக்கு, எடுப்பார்கள். கடை எவ்வளவு சம்பாதித்தது, எதில் விட்டது என்பது, அதைப் படியெடுக்கிற பொடியனுக்கும் தெரியும். முதலாளி தேவகோட்டையிலோ கானாடுகாத்தானிலோ இருப்பார். அவர் கைக்கு அந்த ஐந்தொகை கப்பலில் போய்ச் சேருவதற்கு முன்னாலேயே பினாங்கில் பாத்திரம் கழுவுகிற பையனுக்கு லாப நஷ்டம் தெரிந்துவிடும்!

ஒரு கணக்கு என்பது மூன்று வருஷம். முடிந்ததும் ஊருக்கு வரலாம். அடுத்த கணக்குக்குப் போனால் ஒரு படி மேலே. பையன் அடுத்தாளாவான், அடுத்தாள் மேலாளாவான், ஒருநாள் ஏஜெண்டு. ஏஜெண்டுக்குச் சம்பளம் போக லாபத்தில் பங்கு உண்டு. கையில் முதல் சேர்ந்ததும் சொந்த விலாசம் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே பெட்டி வைத்தவர்கள் எத்தனையோ பேர். பழைய முதலாளி அதைத் துரோகம் என்று சொல்லவில்லை. அவரே நடப்புக்குப் பணம் கொடுத்துத் தூக்கிவிட்டதும் உண்டு.

இப்போது சொல்லுங்கள், ஐயாவுக்கு அந்த விசுவாசம் ரத்தத்திலா வந்தது? மூன்று வருஷம் கழித்துத் தான் எங்கே இருப்போம் என்று அவருக்குத் தெரியும். உங்களிடம் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போன பையனுக்கு என்ன தெரியும்? பொட்டலம் ஒட்டச் சொன்னீர்கள், ஒட்டினான். ஒரு கிலோ சீப்புச் சீடையில் அரிசிக்கு எவ்வளவு, எண்ணெய்க்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, சிங்கப்பூர்க் கப்பலுக்கு எவ்வளவு, உங்களுக்கு மிச்சம் எவ்வளவு என்று அவனிடம் சொன்னீர்களா? தீபாவளிக்கு எத்தனை டன் போனது என்று தெரியுமா அவனுக்கு? அடுத்த வருஷம் அவனுக்கு என்ன வேலை, என்ன சம்பளம் என்று எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறீர்களா? கல்லாப் பெட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கணக்கு நோட்டைப் பீரோவில் பூட்டிவைத்துக்கொண்டு, பையன் மட்டும் நிலைக்க வேண்டும் என்றால் எப்படி நிலைப்பான்? 'க்ரோத் இல்லை' என்று அவன் சொன்னதை நீங்கள் திமிர் என்று எடுத்துக்கொண்டீர்கள். ஐயாவின் இடத்தில் யாராவது அந்தப் பேரேட்டைப் பூட்டியிருந்தால் அவரும் அடுத்த கப்பலில் திரும்பியிருப்பார்.

இளைஞர்கள் எல்லாம் பூமியைக் காக்கிற கம்பெனியில்தான் வேலை செய்வோம் என்று அடம்பிடிக்கிறார்கள் என்றும் ஒரு பேச்சு நடக்கிறது. சிலர் அப்படி இருக்கலாம், நல்லதுதான். நான் காரைக்குடியிலும் திருப்பத்தூரிலும் பார்க்கிற பிள்ளைகள் கேட்பது இன்னும் எளிது. 2023-இல் நாராயண மூர்த்தி வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் 90 மணி நேரம்வரை போய்விட்டார். பிள்ளைகள் மீம் போட்டுச் சிரித்தார்கள், பெரியவர்கள் 'சோம்பேறிகள்' என்றார்கள். ஐயா 90 மணி நேரத்துக்கு மேலேயே உழைத்திருப்பார். உழைப்பதற்கு ஒரு பங்கு இருந்தது. பங்கைப் பற்றிப் பேசாமல் மணி நேரத்தை மட்டும் பேசுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்காமல் என்ன செய்வது?

கிட்டங்கியின் அந்த ஏட்டில் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. உள்ளே இருக்கிற பையனுக்கு ஏடு திறந்திருந்தது, வெளியே இருக்கிறவனுக்கு அதில் ஒரு பத்திகூட இல்லை. நிலைத்த தொழில் என்று எழுதியிருக்கிறீர்களே, பர்மா எங்கே நிலைத்தது? 1930-இல் நெல் விலை விழுந்தது. கடனைக் கட்ட முடியாத விவசாயியின் நிலம் செட்டியார் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1937-இல் 25 சதவீதம் ஆனது. நிலம் வேண்டும் என்று யாரும் போகவில்லை, பணம்தான் வேண்டும். ஆனாலும் நிலம் சேர்ந்தது, கூடவே அந்த மக்களின் ஆத்திரமும் சேர்ந்தது. ஐந்தொகையில் சொத்து ஏறிக்கொண்டே போயிருக்கும், ஆத்திரத்துக்கு அதில் வரி கிடையாது. பிறகு ஜப்பான்காரன் வந்தான், பலர் நடந்தே ஊர் திரும்பினார்கள். சுதந்திரம் வந்ததும் பர்மா அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. எஞ்சியதும் 60-களில் போயிற்று.

உங்கள் மகன் சொல்கிற தண்ணீர்க் கணக்கு அந்த விடுபட்ட பத்திதான். பங்குச் சந்தையில் இருக்கிற முதல் 1000 கம்பெனிகள் 2022-23 முதல் இப்படி ஒரு அறிக்கை கொடுத்தாக வேண்டும் என்று சந்தையைக் கண்காணிக்கிற செபி சொல்லியிருக்கிறது. மின்சாரம், தண்ணீர், புகை, ஆணுக்கும் பெண்ணுக்கும் கிடைக்கிற சம்பளம் எல்லாம் அதில் உண்டு. வேலையை விட்டுப் போனவர்கள் எத்தனை சதவீதம் என்றும் கேட்கிறார்கள், அதுவும் மூன்று வருஷத்துக்கு. அதே மூன்று வருஷக் கணக்கு! உங்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனால் பெரிய கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய பதிலை அது தனக்குச் சரக்குக் கொடுப்பவரிடம் கேட்கும், அவர் உங்களிடம் கேட்பார். கேள்வித்தாள் வீட்டுக்கு வருகிற பாதை இதுதான். அதில் வேலையாட்கள் உட்கார இடம் உண்டா என்று ஒரு கேள்வி இருந்தால் சிரித்துவிடாதீர்கள். நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே வந்துவிட்டது. தமிழ்நாட்டில் கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு அது 2021-இல்தான் கிடைத்தது. உங்கள் வாணலிக்குப் பக்கத்தில் கைமுறுக்குச் சுற்றுகிற பெண்களுக்கு ஸ்டூல் இருக்கிறதா? கடிதத்தில் அவர்களைக் காணவே இல்லை, அதனால் கேட்கிறேன்.

சோலார் பற்றிக் கேட்டிருந்தீர்கள், எங்கேயோ போய்விட்டேன். மாவு அரைப்பதும் பொட்டலம் ஒட்டுவதும் பகலில்தானே? போடுங்கள். எத்தனை வருஷத்தில் முதல் திரும்பும் என்ற கணக்கை மகன் தனியாகப் போட வேண்டாம். மாவுமில்லில் நிற்கிற பையனையும் பக்கத்தில் உட்கார வைத்து, கரண்ட் பில்லை அவன் கையில் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம். வெறும் காகிதத்தில் கட்டினால் சீப்புச் சீடை நமுத்துப்போகும். சிங்கப்பூர்க்காரர் தகர டப்பாவுக்கும் சேர்த்து விலை கொடுப்பார் என்றால் மாறுங்கள். கொடுக்கமாட்டார் என்றால், அவருடைய கேள்வித்தாளின் கடைசிப் பக்கத்தில் அதையும் எழுதி அனுப்புங்கள்.