கையால் சுற்றிய வேப் (மின் சிகரெட்) காயிலில், அதாவது சூடாகும் கம்பிச் சுருளில், ஓம் அளவு (மின்தடை) ஏறி இறங்குகிறது, ஒரு பக்கம் மட்டும் சிவக்கிறது. ஏன்?

ஓம் அளவு ஆடினால் முதலில் ஸ்க்ரூவைச் சந்தேகப்படுங்கள். கம்பியின் கால் (சுருளிலிருந்து நீளும் முனை) ஸ்க்ரூ தலைக்கு அடியில் முழுதாகப் பிடிபட்டிருக்காது. சூடாகி ஆறும்போது இன்னும் தளரும். முதல் முறை சூடாக்கி, நன்றாக ஆறியதும் மறுபடி இறுக்குங்கள். மெல்லிய கம்பி என்றால் நிதானம் தேவை, அழுத்தி முறுக்கினால் கால் அறுந்துவிடும்.

26 கேஜ் (கம்பியின் தடிமன் எண்) கந்தால் ஏ1 என்ற சூடேற்றும் கம்பியை 3 மி.மீ. தண்டில் 6 சுற்று சுற்றினால், கால்களோடு சேர்த்துச் சுமார் 0.8 ஓம் வரும். மீட்டர் 0.3 காட்டுகிறதா? எங்கோ ஷார்ட். நறுக்காமல் விட்ட கம்பி நுனி மூடியைத் தொடும், அல்லது காயில், அதைப் பொருத்தும் தளமான டெக்கில் உரசும். அதைச் சரிசெய்யாமல் பேட்டரியில் மாட்டாதீர்கள். முழு சார்ஜில் 4.2 வோல்ட், 0.8 ஓமுக்கு 5.25 ஆம்பியர்தான் இழுக்கும், 0.3 ஓமுக்கு 14 ஆம்பியர். பாதுகாப்பு சர்க்யூட் இல்லாத ‘மெக்கானிக்கல் மாட்’ வகை வேப் கருவியில் இது விபரீதம்.

ஒரு சுற்று மட்டும் முந்திச் சிவந்தால் அது ஹாட் ஸ்பாட். திரவத்தை உறிஞ்சும் பஞ்சை வைக்கும் முன், 10–15 வாட்டில் பட்டனை விட்டுவிட்டு அழுத்தி, பீங்கான் முனை இடுக்கியால் சுற்றுகளை மேலாக வருடுங்கள். பட்டனை விட்டதும், சூடு இருக்கும்போதே சுற்றுகளைச் சேர்த்து நெருக்குங்கள். சிவப்பு நடுவில் தொடங்கி இரு ஓரமும் சீராகப் பரவ வேண்டும். கால் முதலில் சிவந்தால் நீளம் அதிகம், இல்லையேல் ஸ்க்ரூ லூஸ். (டைட்டானியம், நிக்கல் கம்பிகளை இப்படிச் சிவக்கக் காய்ச்சவே கூடாது.)

பஞ்சைக் காயிலுக்குள் இழுக்கும்போது காயில் லேசாக அசையலாம், கோணக் கூடாது. பஞ்சு இறுகினால் திரவம் ஏறாமல் கருகல் வாடை வரும், தொளதொளத்தால் கசியும்.