வீட்டில் இட்லி மாவு விற்கிறேன். குழந்தைகளையும் பார்த்துக்கொண்டு வாட்ஸ்அப் ஆர்டர்களைச் சமாளிப்பது எப்படி?

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை இறக்குங்கள், இலவசம்தான். ஆனால் அதில் உங்கள் சொந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் இருக்கிற கணக்கே அதற்கு மாறிவிடும். பள்ளிக் குழுச் செய்தியும் மாவு ஆர்டரும் ஒரே இடத்தில் குவியும். தனி சிம் போட்டால் இரண்டு செயலிகளும் ஒரே போனில் ஓடும்.

நேரத்தை அதிகம் மிச்சப்படுத்துவது விரைவு பதில் வசதி. கிலோ விலை, டெலிவரி நேரம், எந்தத் தெரு வரை வருவீர்கள் என்பதையெல்லாம் ஒருமுறை எழுதிச் சேமியுங்கள். பிறகு சாய்கோட்டுடன் (/) அதற்கு நீங்கள் வைத்த குறுக்குச் சொல்லைத் தட்டினால் முழுப் பதிலும் வந்துவிடும். 50 வரை சேமிக்கலாம், ஐந்தாறே போதும். ஒவ்வொரு அரட்டைக்கும் ‘புது ஆர்டர்’, ‘பணம் பாக்கி’ என லேபிள் ஒட்டுங்கள். பாக்கியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இரவில் தானாகப் போகும் ‘இப்போது கடை இல்லை’ பதிலை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். போனில் இணையம் இருந்தால்தான் அது போகும். டேட்டாவை அணைத்துவிட்டுத் தூங்கினால் போகாது.

பிராட்காஸ்ட் பட்டியலில், அதாவது ஒரே நேரத்தில் பலருக்குத் தனித்தனியாகப் போகும்படி அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே சேரும். ஆகவே முதல் ஆர்டரிலேயே எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள்.

பணம் வந்ததற்கு ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமாகக் கொள்ளவே வேண்டாம். போலியாகச் செய்வது எளிது. உங்கள் வங்கிக் கணக்கில் வரவைப் பார்த்த பிறகே மாவைக் கொடுங்கள்.