தேர்வு எழுதவைத்த பிறகு முடிவை நிறுத்திவைக்கலாமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருந்து எழுதுகிறேன். விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். என் தங்கை 2019-இல், அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் இணைவு பெற்ற கல்லூரியில் பி.காம். சேர்ந்தாள். 2022-இல் படிப்பு முடிந்தது, இரண்டு அரியர் மட்டும் மீதி. இந்த ஆண்டு தேர்வுக் கட்டணம் கட்டினோம், ஹால் டிக்கெட் வந்தது, ஏப்ரலில் இரண்டு தாள்களையும் எழுதினாள். முடிவு வந்தபோது அவள் எண்ணுக்கு எதிரே 'நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்று இருந்தது. கால வரம்பைத் தாண்டியவர்கள் இனி எழுத முடியாது என்று மே மாதம் சுற்றறிக்கை வந்ததாகக் கல்லூரி அலுவலகத்தில் சொன்னார்கள். மீண்டும் எழுதச் சிறப்பு வாய்ப்பு வேண்டுமானால் தாளுக்குப் பல ஆயிரம் கட்ட வேண்டுமாம், அதற்கும் ஜூன் 10 கடைசி. மீன்பிடித் தடைக்காலத்தில் அந்தப் பணத்துக்கு எங்கே போவது? ஆட்சியரிடம் மனு கொடு என்கிறார்கள். நுகர்வோர் நீதிமன்றம் போ என்கிறார் ஒருவர். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் இரண்டு கதவுகளை மூடிவிடுகிறேன், உங்கள் அலைச்சலாவது மிச்சமாகும். ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் அது பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்படும், அவ்வளவுதான். பல்கலைக்கழகம் தனிச் சட்டத்தால் அமைந்த அமைப்பு. அதன் தேர்வு முடிவில் ஆட்சியர் உத்தரவிட இடமில்லை. நுகர்வோர் நீதிமன்றமும் உதவாது. தேர்வு நடத்துவதும் பட்டம் தருவதும் கட்டணத்துக்குச் செய்யும் சேவை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் பீகார் பள்ளித் தேர்வு வாரிய வழக்கிலும், 2010-இல் மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்கிலும் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இனி விஷயத்துக்கு வருவோம். அரியர் எழுதக் கால வரம்பு வைத்தது அநியாயம் என்று வாதாடி வெல்ல முடியும் என நம்பாதீர்கள். படிப்புக் காலத்துக்கு மேல் இரண்டு ஆண்டுகள், விதிவிலக்கான சூழலில் இன்னும் ஓர் ஆண்டு என்று பல்கலைக்கழக மானியக் குழு 2015-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. உங்கள் தங்கையின் கணக்கில் அது 2024 வரை, விதிவிலக்கு கிடைத்தால் 2025 வரை. அது போக, கல்வி சார்ந்த கொள்கை நல்லதா கெட்டதா என்று நீதிமன்றம் எடை போடாது. மறுமதிப்பீட்டைத் தடுத்த மகாராஷ்டிர விதியை எதிர்த்த வழக்கில் 1984-இல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. கல்வியாளர்கள் யோசித்து வகுத்த விதியின் இடத்தில் நீதிபதிகள் தங்கள் கருத்தை வைக்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

ஆனால் நீதிமன்றம் தயங்காமல் கேட்கும் கேள்விகள் வேறு. இந்த முடிவை எடுத்தது யார்? அவருக்கு அந்த அதிகாரம் உண்டா? எந்தத் தேதியிலிருந்து அது செல்லும்? பாதிக்கப்படுகிறவருக்கு எப்போது தெரிவித்தார்கள்? உங்கள் வழக்கின் உயிர் இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. ஏழ்மை, தடைக்காலம், தங்கையின் உழைப்பு எல்லாம் உண்மைதான், மனுவில் இருக்கட்டும். அவற்றை முதல் பக்கத்தில் வைத்தால் 'கருணை அடிப்படையில் பரிசீலிக்கிறோம்' என்ற பதில் வரும், பிறகு கருணை காட்ட இயலவில்லை என்று முடிப்பார்கள். உங்கள் தங்கை கேட்பது அவருடைய உரிமையை.

தேதிகளைப் பாருங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டார்கள். ஹால் டிக்கெட் தந்தார்கள். ஏப்ரலில் தேர்வு முடிந்தது. சுற்றறிக்கை வந்தது மே மாதம். கடந்துபோன ஒன்றின் மீது பின்தேதியிட்டுப் பாயும் விதி செய்ய, பல்கலைக்கழகத்தை அமைத்த தாய்ச் சட்டமே வெளிப்படையாக அதிகாரம் தந்திருக்க வேண்டும். அந்த அதிகாரம் இல்லாமல் விதியைப் பின்னோக்கி நீட்ட முடியாது. தேர்வுப் பிரிவின் சுற்றறிக்கையோ விதியைவிடக் கீழே நிற்பது. கல்விக்குழுவும் சிண்டிகேட் என்னும் ஆட்சிக்குழுவும் எடுத்த முடிவைக் கல்லூரிகளுக்குத் தெரிவிப்பதுதான் அதன் வேலை. அவசரத்தில் துணைவேந்தர் தனித்து முடிவெடுக்கப் பல பல்கலைக்கழகச் சட்டங்களில் இடம் உண்டு. அப்போதும் உரிய அவையின் முன் அதை வைத்தாக வேண்டும். சுற்றறிக்கைக்குப் பின்னால் தீர்மானம் எதுவும் இல்லையென்றால் அது வெறும் தாள்.

உங்களுக்கு மிக நெருக்கமான தீர்ப்பு ஸ்ரீகிருஷ்ணன் எதிர் குருட்சேத்ரா பல்கலைக்கழகம். சட்டக்கல்லூரி மாணவர் ஒருவருக்கு வருகைப்பதிவு குறைவு. அவரைத் தேர்வு எழுத அனுமதித்த பல்கலைக்கழகம், பிறகு அவருடைய தகுதியை ரத்து செய்தது. மாணவர் எதையும் மறைக்கவில்லை, விவரமெல்லாம் பல்கலைக்கழகத்தின் கையிலேயே இருந்தது, சரிபார்க்க வேண்டியது அவர்கள் கடமை, எழுத அனுமதித்த பின் பின்வாங்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1975-இல் தீர்ப்பளித்தது. 1990-இல் பெர்ஹாம்பூர் பல்கலைக்கழக வழக்கிலும் இதே வழியில் மாணவருக்கு நியாயம் கிடைத்தது. உங்கள் தங்கை சேர்ந்த ஆண்டு அவருடைய பதிவெண்ணிலேயே இருந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் கட்டணம் வாங்கினார்கள்.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் சொல்கிறேன். 2019-இல் அவர் சேர்ந்தபோது நடப்பில் இருந்த பல்கலைக்கழகத் தேர்வு ஒழுங்குமுறையிலேயே கால வரம்பு எழுதப்பட்டிருந்தால், 'மே மாதச் சுற்றறிக்கை புதிது அல்ல, பழைய விதியின் நினைவூட்டல்தான்' என்பார்கள். சட்டம் தெளிவாகத் தடுத்திருப்பதை ஓர் எழுத்தரின் கவனக்குறைவு அனுமதித்ததாக ஆகாது என்றும் வாதம் வரும். அது வலுவான வாதம். அப்போது ஸ்ரீகிருஷ்ணன் தீர்ப்பு ஒன்றை மட்டும் நம்பி நிற்க நேரும். ஆகவே வேறெதையும்விட முதலில் தேவைப்படுவது 2019-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை. கல்லூரி கையேட்டிலோ பல்கலைக்கழக இணையதளத்தின் பழைய பாடத்திட்டத்தின் முன்பக்கங்களிலோ இருக்கலாம். பேராசிரியர் யாராவது வைத்திருப்பார், கேளுங்கள்.

மற்றதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்குங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பல்கலைக்கழகப் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஏன் இப்படிச் செய்தீர்கள்' என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்வி தகவலே அல்ல என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், நானே அப்படித் திரும்பிவந்த விண்ணப்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: கால வரம்பு குறித்த கல்விக்குழு, சிண்டிகேட் தீர்மானங்களின் நகல், அந்தக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, சுற்றறிக்கை கல்லூரிக்கு அனுப்பப்பட்ட தேதியைக் காட்டும் பதிவு, சிறப்பு வாய்ப்புக் கட்டணத்தை நிர்ணயித்த உத்தரவு, உங்கள் தங்கையின் முடிவை நிறுத்திவைத்த கோப்புக் குறிப்பு. அவருடைய விடைத்தாள் நகலையும் சேர்த்துக் கேட்கலாம், 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை உறுதி செய்திருக்கிறது. அதே சட்டத்தின் 4(1)(டி) பிரிவு, நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையைப் பல்கலைக்கழகத்தின் மீது வைக்கிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

அந்த 30 நாளைச் சும்மா கழிக்க வேண்டாம். பதிவாளருக்கும் தேர்வாணையருக்கும், கல்லூரி முதல்வருக்கு நகலுடன், இப்போதே ஒரு மனு போக வேண்டும். கட்டண ரசீது, ஹால் டிக்கெட் நகல்களை இணைத்து, முடிவை வெளியிடும்படி கேளுங்கள். தபாலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்டீர்களா, அவர்கள் மறுத்தார்களா என்றுதான் உயர் நீதிமன்றம் பார்க்கும்.

மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறையின்படி பல்கலைக்கழகத்தில் ஒரு குறைதீர்க்கும் குழு இருக்க வேண்டும். அதன் முடிவு பிடிக்காவிட்டால் 15 நாளுக்குள், தனியாக நியமிக்கப்பட்ட குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். செலவில்லாத வழி, முயன்று பார்க்கலாம். ஆனால் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் அதே பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்கள். சொந்த நிர்வாகத்தின் சுற்றறிக்கையைத் தவறு என்று அவர்கள் எழுதுவார்கள் என்று நான் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

சிறப்பு வாய்ப்பைப் பற்றி. விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கடைசித் தேதி ஜூன் 10. மண்டபம், பாம்பன், ராமேசுவரம் மாணவர்களில் எத்தனை வீடுகளில் அந்த வாரம் கையில் பணம் இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை என்பது எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது. தேதியை நீட்டித்தாலோ மீண்டும் வாய்ப்பு அறிவித்தாலோ, உங்களால் முடிந்தால் கட்டுங்கள், தங்கையின் ஓர் ஆண்டு வீணாகக் கூடாது. ஆனால் கட்டும்போது, 'ஏப்ரல் தேர்வு முடிவு தொடர்பான என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் இதைச் செலுத்துகிறேன்' என்று கடிதம் கொடுத்து முத்திரை வாங்குங்கள். பழைய தேர்வை உரிமை கோரமாட்டேன் என்று எந்த உறுதிமொழித் தாளை நீட்டினாலும் கையெழுத்திட வேண்டாம். அந்த ஒரு கையெழுத்து வழக்கையே முடித்துவிடும்.

மனுவுக்குப் பதில் வராவிட்டாலோ மறுத்துவிட்டாலோ, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசமைப்புச் சட்டம் 226-ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு நேரடியாக உத்தரவிடக் கோரும் மனு, போடலாம். சுற்றறிக்கையை உங்கள் தங்கையின் அளவில் ரத்து செய்யவும், முடிவை வெளியிட உத்தரவிடவும் கேட்க வேண்டும். நாட்டின் எல்லா அரியர் மாணவர்களுக்கும் சேர்த்துக் கேட்கப் போனால் நீதிமன்றம் கொள்கை விவகாரம் என்று ஒதுங்கிவிடும், கோரிக்கை சிறிதாக இருக்கட்டும். முடிவை நிறுத்தியதற்கு அவர்கள் எழுத்தில் சொன்ன காரணம் எதுவோ அதில்தான் நிற்க வேண்டும், பதில் மனுவில் புதுக் காரணம் சேர்க்க முடியாது என்பது உச்ச நீதிமன்றத்தின் மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977-இலேயே தீர்மானமானது. அதற்காகவும் அவர்களை எழுத்தில் பதில் சொல்லவைப்பது முக்கியம். ரிட் மனுவுக்கு இத்தனை நாள் என்ற கெடு இல்லை, ஆனாலும் தாமதித்தவரை நீதிமன்றம் கனிவாகப் பார்ப்பதில்லை.

மனு, விண்ணப்பம், வழக்கு எல்லாம் உங்கள் தங்கையின் பெயரில், அவர் கையெழுத்தில் இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் அவர். இன்னொரு காரணமும் உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இன் 12-ஆவது பிரிவின்படி, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. வழக்கறிஞர் கட்டணத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம். ரசீது, ஹால் டிக்கெட், முடிவுப் பக்கத்தின் அச்சு, சுற்றறிக்கை நகல், ஆதார் ஆகியவற்றுடன் ராமநாதபுரத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குத் தங்கையைக் கூட்டிச் செல்லுங்கள். அங்கிருந்து மதுரைக் கிளையின் சட்டப் பணிகள் குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். போகுமுன் 15100 என்ற எண்ணில் அழைத்தும் விசாரிக்கலாம்.